கை படாத மகாலட்சுமி

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று தீபாவளி வரை பொறுத்துப் பார்த்தேன். பட்சணமெல்லாம் தீர்ந்துவிட்டது, கோபம் தீரவில்லை. அதனால் சூட்டோடு சூடாகவே எழுதிவிடுகிறேன்.

லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எனக்கு ஸ்டிக்கர் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், சுவரோரமாக வெட்டும் மெஷின். வண்டி நம்பர், டாக்டர் வீட்டுப் பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவில் ஒட்டும் 'தள்ளு', 'இழு', இதில்தான் பிழைப்பு ஓடுகிறது. மெஷின் பார்க்கப் பெரிய பிரிண்டர் மாதிரி இருக்கும். மைக்குப் பதிலாக அரிசி நுனி அளவுக்கு ஒரு கத்தி. கம்ப்யூட்டரில் போட்ட கோட்டின் மேலேயே அந்தக் கத்தி சரசரவென்று ஓடும்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கத்தியைத்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். "ஆஹா, மெஷின் எப்படி வெட்டறது பாருங்கோ!" என்பார்கள். கோட்டைப் போட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் பெயர் தேவானை. வீடு அடையாற்றங்கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே இருக்கிற குடிசைகளில் ஒன்று. கணவர் துரைராஜ் சாமான் ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். ஒரே பெண், நிலா, மூன்றாம் வகுப்பு. தேவானை ஒன்பதாவது வரை படித்தவள். என் கடைக்கு முதலில் பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். பெருக்கும்போதே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்த பையன் ஒரு நாள் துபாய் விசா வந்துவிட்டது என்று பாதி வேலையில் எழுந்து போனான். தேவானை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நா போட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்றாள். போட்டாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

அவளுடைய வலது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் தண்ணீர் லாரி வரிசையில் நடந்த தள்ளுமுள்ளில் சுண்டுவிரல் குடத்துக்கும் குழாய்க்கும் நடுவே நசுங்கி, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. விரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். மவுஸைப் பிடிக்கும்போது மற்ற நாலு விரல்களும் வேலை செய்ய, அது மட்டும் தனியாக ஒதுங்கிக்கொண்டு இருக்கும்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு விஷயம் நடந்தது. வகுப்பில் யார் யார் அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். நிலா எழுந்து, "எங்கம்மா கம்ப்யூட்டர்ல படம் போடுறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இல்ல டீச்சர், அவங்கம்மா அந்தக் கடையில பெருக்குறாங்க, எங்க அத்த பாத்தாங்க" என்றிருக்கிறாள். டீச்சர் நிலாவைப் பார்த்து, பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி அந்தப் பாடவேளை முழுக்க நிற்க வைத்திருக்கிறார். குழந்தை அழக்கூட இல்லையாம். வீட்டுக்கு வந்து, "நீ நெசமாவே படம் போடுறியாம்மா?" என்று கேட்டிருக்கிறது.

இதைச் சொல்லும்போது தேவானையின் குரல் உடைந்தது. "டீச்சர் இன்னா வேணா சொல்லட்டும்க்கா. எம்பொண்ணுக்கே சந்தேகம் வந்துட்ச்சு பாரு. நம்பர் பிளேட்ட காட்டி இன்னா சொல்றது? ஒரு நல்ல வேல வரட்டும். அத இட்டுக்கினு போயி அவ கண்ணுல காட்டணும். இது அம்மா போட்டதுன்னு அவளுக்குத் தெரியணும்."

அந்த நல்ல வேலை ஆடி மாதம் வந்தது. கொண்டுவந்தவர் என் சித்தப்பா ஸ்ரீனிவாசராகவன்.

சித்தப்பாவுக்குக் கோபாலபுரத்தில் பழைய காலத்துப் பங்களா. மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கொலு எங்கள் உறவில் பிரசித்தம். சம்பிரதாயம் என்று வந்துவிட்டால் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொலுவின் நடுவே செட்டியார் பொம்மை சரிந்து தலை உடைந்துபோனது. எடுத்துவிடலாம் என்று விஜயலக்ஷ்மி சித்தி சொன்னதற்கு, "கலசம் வெச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் படியிலேர்ந்து ஒண்ணையும் எடுக்கப்படாது" என்று ஒரே பிடியாக நின்றார். தலையில்லாத செட்டியார் மளிகைக் கடையில் உட்கார்ந்தபடியே மிச்ச நாட்களைக் கழித்தார்.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னார். கொலுவின் மேல்படிக்குப் பின்னால் வைக்க ஒரு மகாலட்சுமி வேண்டும். தந்தத்தின் நிறத்தில் கெட்டிக் காகிதம், அதில் வெட்டு வேலை, பின்னால் விளக்கு போட்டால் வெட்டின இடமெல்லாம் ஜொலிக்க வேண்டும்.

"கையால வெட்டறவா இருக்காளே சித்தப்பா" என்றேன்.

"அதான் வேண்டாம்ங்கறேன். யார் கை, என்ன கைன்னு நமக்குத் தெரியுமா? எங்கே உட்கார்ந்து வெட்டினானோ, குளிச்சானோ இல்லையோ. ஸ்வாமி காரியம் பாரு. மெஷின்னா அந்தப் பிரச்சினையே கிடையாது. கை படாம வந்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. தேவானை பக்கத்தில்தான் இருந்தாள், மவுஸைப் பிடித்துக்கொண்டு. சித்தப்பா அவள் பக்கம் விரலைக் காட்டி, "ஒரு காபி வாங்கிண்டு வரச் சொல்லேன், சர்க்கரை கம்மியா" என்று என்னிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் தேவானை என் கையை அழுத்திவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து காபியை வைத்துவிட்டு, "அக்கா, இத நா பண்றேன்" என்று என் காதில் சொன்னாள்.

ஸ்டிக்கர் வெட்டுவது ஒன்று, காகிதம் வெட்டுவது வேறொன்று. ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு தாள் இருக்கும். எழுத்துக்கு நடுவில் தனியாக ஒரு துண்டு நின்றாலும் அந்தத் தாள் பிடித்துக்கொள்ளும். வெறும் காகிதத்துக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? வெட்டினால் விழுந்துவிடும். ஆகவே படத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புருவம் நெற்றியைத் தொட வேண்டும், நெற்றி கிரீடத்தை, கிரீடம் சுற்றியிருக்கிற திருவாசி வளைவை. எங்கேயாவது ஓரிடம் விட்டுப்போனால் அந்தப் பாகம் கையோடு வந்துவிடும். மெஷின் விற்ற ஹனீஃபா பாயிடம் போனில் கேட்டதற்கு, "பேப்பர் போட்டா நான் பொறுப்பில்ல மேடம், இது ஸ்டிக்கருக்கு வந்த மெஷின்" என்று கழற்றிக்கொண்டார்.

தேவானை ஒரு காலண்டர் படத்தை ஸ்கேன் செய்து, அதன் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுக்க ஆரம்பித்தாள். மார்கழியில் வாசலில் புள்ளி வைக்கிறவளுக்கு அது பழகின காரியம். ஆனால் கோலம் நிற்பதற்குத் தரை இருக்கிறது. முதல் வெட்டு முடிந்து தாளைத் தூக்கியதும் மகாலட்சுமித் தாயாரின் இரண்டு கண்களும் தரையில் உதிர்ந்தன. கண்ணைச் சுற்றிலும் வெட்டு போயிருந்தது, பிடிமானம் இல்லை. தேவானை பதறிப்போய்க் குனிந்து அந்தக் கண்களைப் பொறுக்கி எடுத்தாள். குப்பையில் போட மனசு வராமல் ஸ்வாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

"கண்ணு ரெண்டும் கீய வுழுந்துட்ச்சுக்கா. மை தீட்றாப்ல ஓரத்துல இஸ்துக்கினு போயி காதோட கோத்துட்டா நிக்கும்" என்றாள். அப்படியே செய்தாள். நின்றது.

அடுத்த வெட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் வந்த பிறகு மெஷினுக்கு எங்கே விட்டோம் என்ற ஞாபகமே கிடையாது. முதலிலிருந்து, புதுத் தாளில்.

சித்தப்பா நினைத்துக்கொண்டபோதெல்லாம் வருவார். ஆடி முழுக்க வந்தார், ஆவணி முழுக்க வந்தார். தேவானையின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து, என்னிடம் பேசுவார். "தாமரையை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லு, ஸ்ரீரஞ்சனி." "கிரீடத்தை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லு." நான் சொல்வதற்கு முன்னாலேயே தேவானை பண்ணியிருப்பாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பாரேன், கம்ப்யூட்டருக்கு நாம சொல்றது உடனே புரியறது!" என்பார்.

என்ன சொல்ல? அங்கே இரண்டு காது கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு கை நகர்ந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்தது திரை மட்டும். ஒருமுறை சண்டைக்கே கிளம்பிவிட்டேன். தேவானைதான், "வுடுக்கா. படம் முடியட்டும். எம்பொண்ணு வந்து பாக்கட்டும். எனக்கு அதாங்க்கா வேணும்" என்று தடுத்தாள்.

எல்லாம் அமைந்தது, ஒரு கையைத் தவிர. மகாலட்சுமியின் அபய ஹஸ்தம், 'பயப்படாதே' என்று உள்ளங்கையைக் காட்டுகிற வலது கை. காலண்டரில் அது சரியாகத் தெரியவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தாள். வாழைப்பழச் சீப்பு மாதிரியே வந்தது. விரல் பருத்தால் அழகு போய்விட்டது, மெலிந்தால் காகிதம் கிழிந்துவிட்டது.

அன்றைக்கு மதியம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது ஸ்கேனரின் மூடி திறந்திருந்தது. தேவானை தன் வலது கையைக் கண்ணாடி மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். கைக்கடியில் அந்த வெளிச்சம் மெதுவாக நகர்ந்து போயிற்று. திரையில் அவள் கை வந்தது. அதன் மேல் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். ரேகைகளைக்கூட மெல்லிய வெட்டுகளாக வைத்தாள்.

"சுண்டு விரலை நேராக்கிடேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "நேராக்கினா ஓரமா நிக்குதுக்கா, ஒண்டியா கிழிஞ்சிடும். கோணலா கீறதால பக்கத்துல கீற தாமரத் தண்டத் தொட்டுக்கினு கீது. அது இருக்கட்டும்" என்றாள். நிஜமாகவே அந்தக் கோணல்தான் கையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

வெட்டி முடிந்த பிறகும் வேலை முடியாது. மெஷின் கோடு போட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே சிக்கியிருக்கிற துணுக்குகளை ஒவ்வொன்றாக ஊசி நுனியால் நெம்பி எடுக்க வேண்டும். சில துணுக்குகள் எள்ளளவுதான் இருக்கும். தேவானை மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் எடுத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் திரும்ப முடியாமல் இருந்தாள். கை படாத மகாலட்சுமியாம்! அந்தக் காகிதத்தில் அவள் விரல் படாத இடம் எதுவும் கிடையாது.

நவராத்திரி வந்தது. விஜயலக்ஷ்மி சித்தி போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை ஆத்துக்கு வா. கடையில வேலை பண்றாளே, அந்தப் பொண்ணையும் அழைச்சிண்டு வா." சித்தி நல்ல மாதிரி. அந்த வீட்டில் அவள் குரல் சமையலறையைத் தாண்டிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தேவானை வந்ததைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. அரக்குச் சேலை, தலை நிறைய கனகாம்பரம். நிலாவுக்குப் பச்சைப் பாவாடை, இரட்டைப் பின்னல். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் குழந்தை, "எம்மாம் பெருசும்மா? கலரா? நீயே போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. "நீயே பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் தேவானை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். "வா, ஸ்ரீரஞ்சனி" என்றவர், தேவானையைப் பார்த்துவிட்டு, "ஒத்தாசைக்கு அழைச்சிண்டு வந்தியா? நல்லதாப் போச்சு. பின்பக்கமா போகச் சொல்லு, சித்தி தேங்காய் துருவிண்டிருக்கா" என்றார்.

"கொலு பார்க்க வந்திருக்கா, சித்தப்பா."

"ஓ" என்றார்.

கூடத்தில் பாயில் நாலைந்து மாமிகள் உட்கார்ந்திருந்தார்கள். படிகளுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில் மகாலட்சுமி நின்றாள். கடையில் நூறு தடவை பார்த்த படம்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மை தீட்டின கண், தாமரை, திருவாசியின் ஒவ்வொரு சுடரும் ஜொலித்தது. தேவானை நிலாவை முன்னால் நகர்த்தி, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படத்துக்குக் கீழே ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நிலாவுக்கு எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்கிற பழக்கம். படித்தாள்.

"மனிதக்... கை... படாமல்... முழுவதும்... கம்ப்யூட்டரே... உருவாக்கிய... ஸ்ரீ மகாலக்ஷ்மி."

படித்து முடித்துத் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். "அப்ப நீ போடலியாம்மா?"

தேவானையின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, பிறகு போய்விட்டது. குழந்தையின் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது, பின்னால் உட்கார்ந்த பெண் சொன்னது எல்லாம் உண்மை என்று இப்போது எழுத்திலேயே வைத்தாயிற்று. அதுவும் ஸ்வாமிக்கு முன்னால்.

"இந்த அட்டையை யார் எழுதினது, சித்தப்பா?"

"நான்தான். எழுத்து எப்படி இருக்கு? இந்தக் காலத்துப் பசங்களுக்கு இப்படி எழுத வருமா?" என்றார் பெருமையாக.

கையால் எழுதியிருக்கிறார், கை படவில்லை என்று!

"தப்பா எழுதியிருக்கேள். இதைப் பண்ணினது இவ. ரெண்டு மாசம் உட்கார்ந்து ஒவ்வொரு கோடும் இவ போட்டது."

சித்தப்பா சிரித்தார். "இவ மெஷினை ஓட்டினா, நான் இல்லேங்கலையே. கார் ஓட்டறவன் காரைப் பண்ணினவனா ஆயிடுவானா?"

மாமிகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உளறினேன் என்றுதான் நினைக்கிறேன். நான் உளற, அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். என் கடையில் இருக்கிற கம்ப்யூட்டரைப் பற்றி, எனக்கே!

நிலா இதற்குள் படிகளின் ஓரமாகப் போய் நின்றிருந்தாள். எங்கள் சண்டை எதுவும் அவள் காதில் விழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"அம்மா! இது உன் கை!"

மாமிகள் தலையைத் திருப்பினார்கள்.

"சுண்டுவெரல் பாரும்மா! கோணலா கீது பாரு! இது எங்கம்மா கை!" என்று மாமிகளிடம் திரும்பிச் சொன்னாள். அவர்களுக்குப் புரியவில்லையோ என்று மறுபடியும் சொன்னாள். "எங்கம்மா கைங்க இது!"

எந்தக் குழந்தைக்கு அம்மா கை தெரியாது? அந்தக் கைதான் அவளுக்குத் தலை வாருகிறது, சோறு ஊட்டுகிறது.

சமையலறையிலிருந்து சித்தி வெளியே வந்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு தேவானையிடம் வந்து, "கையைக் காட்டும்மா" என்றாள். தேவானை வலது கையை மெதுவாகத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். மேலே காகிதத்தில் ஒரு கை, கீழே ஒரு கை. அதே விரல்கள், அதே ரேகை, அதே வளைவு. பாயில் இருந்த மாமிகள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"அதிசயமா இருக்கே!" என்றாள் ஒரு மாமி.

சித்தப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "ஸ்ரீரஞ்சனி, என்ன இது? தாயார் ஹஸ்தத்துல போயி... நீ எங்கிட்டச் சொல்லலையே! இது இங்கே இருக்கப்படாது. எடுத்துடறேன்" என்று விளக்கின் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"எடுக்கப்படாது" என்றாள் சித்தி.

அவள் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"கலசம் வெச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் படியிலேர்ந்து ஒண்ணையும் எடுக்கப்படாது. தலை போன செட்டியாரையே எடுக்கப்படாதுன்னேளே. இது முழுசா இருக்கு. தினமும் ரெண்டு வேளை நீங்களே இந்தக் கைக்குத்தான் கற்பூரம் காட்டினேள். நானும் சேவிச்சேன். இப்போ மட்டும் என்ன வந்துடுத்து?"

சித்தப்பா பிளக்கைப் பிடித்தபடியே நின்றார். பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை. சித்தி போய் அந்த அட்டையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து ஓரமாக வைத்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துக்கொண்டு தேவானையிடம் வந்தாள். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேம்மா. வாங்கிக்கோ."

தேவானை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா."

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. நவராத்திரி வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், வாசலுக்கு வந்த சுமங்கலி தாம்பூலம் வேண்டாம் என்று வெறுங்கையோடு போகிறாள். எங்கள் வீடுகளில் இதைவிடப் பெரிய குறை இல்லை. "அப்படிச் சொல்லப்படாதும்மா. இந்த ஆத்துக்கு ஆகாது" என்றாள்.

"எனக்கும் ஆவாதும்மா" என்றாள் தேவானை. "நீங்க நல்லவங்க, உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா எம்பொண்ணு அத்தப் படிச்சிட்டா. கவுத்து வெச்சா படிச்சது இல்லேன்னு ஆயிடுமா? அவரு கையால எழுதினாரு. அவரே கையால மாத்தி எழுதட்டும். அப்பால வாங்கிக்கிறேன். இல்லேன்னா இப்பிடியே போறேன்."

தேவானை குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. அந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அவள் அப்படிப் பேசினாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு நிமிர்கிறது.

"எழுதிக் குடுத்துடுங்கோளேன், மாமா" என்றாள் பாயில் இருந்த மாமி ஒருத்தி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கார் ஜோக்குக்குச் சிரித்தவள்தான். "வெள்ளிக்கிழமை அதுவுமா அவளை வெறுங்கையோட அனுப்பாதேங்கோ."

சித்தப்பா என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். தாம்பாளம் இன்னும் நீட்டியபடியே இருந்தது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்த அட்டையை எடுத்து, எழுதாத பின்பக்கம் மேலே தெரிய மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முத்து முத்தாக எழுத ஆரம்பித்தார். 'இந்த ஸ்ரீ மகாலக்ஷ்மியை வடிவமைத்துச் செய்தவர்' என்பது வரைக்கும் எழுதினார். அங்கே பேனா நின்றுவிட்டது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவ பேர் என்ன?" என்றார், தாழ்ந்த குரலில்.

ஆடியில் இருந்து கடைக்கு வந்திருக்கிறார். அவள் வாங்கிவந்த காபியைக் குடித்திருக்கிறார். அவள் தோளுக்கு மேலாக எத்தனை முறை எட்டிப் பார்த்திருக்கிறார். பெயர் தெரியாது!

எனக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் சொல்லவில்லை. "அவகிட்டயே கேளுங்கோ" என்றேன்.

வேறு வழியில்லை. தலையைத் திருப்பி, முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "உன் பேர் என்னம்மா?"

"தேவானை."

எழுதினார். பேனாவை மூடினார். சித்தி அட்டையை வாங்கி, முன்பு இருந்த இடத்திலேயே, மகாலட்சுமியின் காலடியில் சாய்த்து வைத்தாள். நிலா எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள். கடைசி வார்த்தையை மட்டும் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டு, அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சித்தி மறுபடியும் தாம்பாளத்தை நீட்டினாள். தேவானை கையை நீட்டப் போனவள், நிறுத்திக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து அட்டையைப் பார்த்தாள், கடையில் திரையைப் பார்ப்பாளே அதேபோல. பிறகு என் பக்கம் திரும்பினாள். சித்தப்பா நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, பேர இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லுங்க."

சித்தப்பா பேனாவின் மூடியை மறுபடியும் திறந்தார்.